முதல் மாடி பாத்ரூமில் பழைய டைல்ஸ் மேலேயே வினைல் போடலாமா? கொஞ்சம் அவசரம்

மாடிவீட்டுக்காரி, லாஸ்பேட்டை:

எல்லோருக்கும் வணக்கம். பாண்டி லாஸ்பேட்டையில் சொந்த வீடு. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மேலே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு வலது கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இங்கேதான் கூட்டி வந்திருக்கிறேன், வாக்கர் பிடித்து நடக்கிறார். ஹாலில் பிரச்சினை இல்லை, பாத்ரூமில்தான் பயம். வீடு கட்டும்போது போட்ட வெளிர் நீல டைல்ஸ், பளபளவென்று இருக்கும், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் நின்றால் போதும், வாக்கரின் ரப்பர் காலே நழுவுகிறது.

அறை ஏழடிக்கு ஐந்தடி. வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ்பேசின், குளிக்கிற இடம் எல்லாம் அதற்குள்ளேயே, நடுவில் தடுப்பு கிடையாது. குளித்தால் கதவு வரைக்கும் தண்ணீர் வரும். குழாய்களும் ஃப்ளஷ் டேங்கும் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதோடு தரையையும் முடித்துவிடலாம் என்று பார்த்தால் மேஸ்திரி உடைக்கணும் என்கிறார். மேலே இருப்பது ஒரே பாத்ரூம். ஆபரேஷன் ஆனவரை வைத்துக்கொண்டு சுத்தியல் சத்தமும் தூசியுமாக எத்தனை நாள் ஓட்டுவது?

நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வினைல் பலகை காட்டினார்கள், ஒன்றோடு ஒன்று கிளிக் ஆகிற ரகம், எஸ்.பி.சி. என்றார்கள். கடை வாசலில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு துண்டை உள்ளே போட்டே வைத்திருக்கிறார்கள், ஊறவே இல்லை. பழைய டைல்ஸ் மேலேயே போடலாம், ஒரே நாள் வேலை, சதுர அடி 140 ரூபாய் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வெளியே போகிற டிராப் இருக்கும் இடத்தில் எப்படி வெட்டுவார்கள், பக்கெட் இழுத்தால் கீறுமா, அம்மா மஞ்சள் பூசிக் குளிப்பவர், கறை நிற்குமா, எல்லாவற்றுக்கும் மேல் வழுக்காமல் இருக்குமா? போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


வில்லியனூர் வாசி:

தாராளமாகப் போடுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் போட்டு நன்றாகவே இருக்கிறது. ஈரத்துணியில் துடைத்தால் போதும், காலுக்கும் சில்லென்று இருக்காது. டைல்ஸை விட நூறு மடங்கு மேல்.


கடலூர் தரைக்காரன்:

வில்லியனூர் தம்பி, உங்களுடையது குளிக்கிற பாத்ரூமா?


வில்லியனூர் வாசி:

இல்லை அண்ணே, மாடிப்படிக்கு அடியில் டாய்லெட்டும் வாஷ்பேசினும் மட்டும். குளியலறை தனி, அதில் டைல்ஸ்தான்.


கடலூர் தரைக்காரன்:

அப்படியானால் அது வேறு கதை. அக்கா, நான் தரை போடுகிற தொழிலில் இருக்கிறேன், வினைலும் போடுகிறேன், அதனால் வினைலைக் குறை சொல்லி எனக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்கள் பாத்ரூமுக்கு அந்த கிளிக் பலகையை நான் போட்டுத் தர மாட்டேன்.

கடையில் தண்ணீரில் போட்டுக் காட்டுவது பொய்யில்லை. எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் கலந்து செய்த பலகை, ஆண்டுக்கணக்கில் ஊறப்போட்டாலும் உப்பாது. ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், ரெயின்போ நகர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அங்கே ஹாலில் போட்டிருந்த கிளிக் பலகைகளைப் பிரித்து, கழுவி, தரையைக் காயவைத்துத் திரும்பப் பூட்டிக் கொடுத்தோம். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்தூள் அட்டையில் செய்த லேமினேட் போட்டவர்கள் மொத்தத்தையும் அள்ளிக் குப்பையில் போட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு நனையப்போவது பலகை மட்டும் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை அளவு இணைப்பு இருக்கிறது. சுவர் ஓரமெல்லாம் விரிந்து சுருங்க 6 முதல் 8 மில்லிமீட்டர் இடம் விட்டுத்தான் போட வேண்டும், அதில் சிலிக்கான் அடிப்பார்கள், அந்தத் தரை ஒட்டாமல் மிதக்கிற தரை என்பதால் நடக்க நடக்க அசைந்து சிலிக்கான் ஒரு பக்கம் விடும். துடைக்கிற ஈரத்துக்கு இது தாங்கும். தினமும் நாலைந்து பக்கெட் ஊற்றுகிற இடத்தில் தண்ணீர் அடியில் போய்விடும், போன தண்ணீர் திரும்பி வர வழி கிடையாது.

இன்னொன்று வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கிளிக் பலகைக்கு மட்டமான தரை வேண்டும், பொதுவாக இரண்டு மீட்டர் நீளத்துக்குள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் கூடாது என்பார்கள். பாத்ரூம் தரை நாலா பக்கமிருந்தும் டிராப்பை நோக்கிச் சரிகிறது, அதாவது அது ஒரே தளம் இல்லை, மூலையிலிருந்து மூலைக்கு மடிப்பு இருக்கும். பலகை மடியாது. அந்த மடிப்பில் மிதித்து மிதித்து கிளிக் நாக்கு உடைந்துவிடும். சிலர் அதற்காகத் தரையை மட்டமாக்கிவிட்டுப் போடுகிறார்கள், அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?

திருப்பாப்புலியூரில் ஒரு வீட்டில் வேறு ஒருவர் போட்ட பாத்ரூம் தரையைப் பிரிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாடை தாங்கவில்லை என்பதுதான் புகார். மேலே பார்த்தால் புதுசு மாதிரிதான் இருந்தது, இணைப்புகளில் மட்டும் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு. முதல் பலகையைத் தூக்கினதுமே அடியில் இருந்த ஃபோம் கையோடு பிய்ந்து வந்தது, சோப்பும் முடியும் கருப்புத் தண்ணீரும் கொழகொழவென்று டைல்ஸ் மேல் அப்பிக்கிடந்தது. மொத்தத்தையும் வழித்து ப்ளீச்சிங் போட்டுக் கழுவின பிறகும் ஒரு வாரத்துக்கு அந்த வாடை போகவில்லை என்று வீட்டு அம்மா சொன்னார்.

குளிக்கிற இடத்துக்கு ஏற்ற வினைல் என்றால் அது சுருளாக வரும் ஷீட். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், தரையும் சுவரும் சேருகிற மூலை வளைந்து அரை அடி உயரம் ஏறியிருக்கும், இணைப்பை வினைல் கம்பி வைத்துச் சூடாக்கி உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதிலேயே ஈர இடத்துக்கென்று சொரசொரப்பு ரகமும் வருகிறது. இரண்டு மீட்டர் அகலச் சுருள் உங்கள் அறைக்கு நன்றாகவே பொருந்தும், ஐந்தடி என்றால் ஒன்றரை மீட்டர் சொச்சம், இரண்டு பக்கமும் அரை அடி சுவரில் ஏற்றினாலும் உள்ளே அடங்கிவிடும், நடுவில் இணைப்பே வராது. ஆனால் டாய்லெட்டைக் கழற்றி அடியில் ஷீட்டை விட்டுத் திரும்ப வைக்க வேண்டும். டைல்ஸின் பளபளப்பைத் தேய்த்து எடுத்து, இடுக்கையெல்லாம் மட்டமாக்குகிற லெவலிங் கலவை போட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக மேலே தெரியும். டிராப் ஷீட்டைக் கவ்விப் பிடிக்கிற வளையம் வைத்த ரகமாக இருக்க வேண்டும், நம்ம ஊரில் சாதாரணமாக வைக்கும் நானி டிராப்பில் அந்த வளையம் கிடையாது, ஷீட்டின் ஓரம் முதலில் பெயர்வதே அங்கேதான். அதோடு உருக்கி ஒட்டத் தெரிந்த ஆட்கள் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று ஆயிரக்கணக்கான அடிக்குப் போவார்கள், உங்கள் 35 சதுர அடிக்காகச் சென்னையிலிருந்து வண்டி ஏற மாட்டார்கள்.


உரித்து ஒட்டு:

ஆன்லைனில் பின்பக்கம் பேப்பரை உரித்து ஒட்டுகிற வினைல் கிடைக்கிறதே, நாமே ஒட்டிக்கொள்ளலாமே, ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.


கடலூர் தரைக்காரன்:

உங்கள் பெயருக்கு ஏற்ற கேள்வி. சமையல் மேடைச் சுவருக்கு ஒட்டுங்கள். பாத்ரூமில் ஒட்டினால் ஓரம் சுருண்டு நிற்கும், வாக்கர் கால் அதில் மாட்டினால் யார் பிடிப்பது? இந்த வீட்டுக்கு அது மட்டும் வேண்டவே வேண்டாம்.


ரசமட்டம்:

தரைக்காரன் சொன்னது சரி, ஆனால் எல்லோரும் மேலே என்ன போடுவது என்றே பேசுகிறோம். நான் கட்டட வேலையில் ஓய்வு பெற்றவன், எனக்கு முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அம்மா, தயவுசெய்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு, உங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே கூரையில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, மஞ்சள் கறையோ வெள்ளை உப்புப் பூவோ இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் ஓடுகிற சுவரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து, பாத்ரூம் தரையைத் துடைத்துக் காயவிட்டு ஒரு கோலிக்குண்டை நாலு மூலையிலும் டாய்லெட் பக்கத்திலும் வைத்து விடுங்கள், டிராப்புக்கு ஓடுகிறதா, நடுவழியில் நிற்கிறதா, கதவுப்பக்கம் ஓடுகிறதா? மூன்றாவது, ஒரு பக்கெட் தண்ணீர் கொட்டிவிட்டு அரை மணி கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரியிடம் பேசும்போது உதவும்.

கீழ்த்தளத்து பாத்ரூமாக இருந்தால் இன்னொரு சோதனையும் சொல்லியிருப்பேன். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை வெட்டித் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விட வேண்டும், அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். கடற்கரை ஊரில், அதுவும் அடியில் பாலிதீன் விரிக்காமல் கான்கிரீட் போட்ட பழைய வீடுகளில், இது சர்வ சாதாரணம். அந்த ஈரம் சிமெண்ட்டின் காரத்தையும் உப்பையும் சேர்த்துத் தூக்கி வரும், வினைல் மூடி போட்டு அதை அடைத்துவிட்டால் பசைதான் முதலில் இளகும்.


முத்தியால்பேட்டை பழைய வீடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புத் தரை. கூடத்தில் தரை பொரிந்துபோய்விட்டது, இந்த வினைல் சுருளை அதன் மேல் விரித்துவிடலாமா?


ரசமட்டம்:

வேண்டாம். சுண்ணாம்புத் தரை கீழிருந்து வரும் ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டேதான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. மேலே பிளாஸ்டிக்கால் மூடினால் ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பும், அப்புறம் சுவர் பொரியும். பொரிந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புக் கலவையாலேயே சரிசெய்யத் தெரிந்த ஆள் பாண்டியில்தான் கிடைப்பார், வெள்ளைக்காரத் தெரு வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களிடம் கேளுங்கள். சிமெண்ட் பூசி ஒட்டுப்போட வேண்டாம்.


மாடிவீட்டுக்காரி, லாஸ்பேட்டை:

ரசமட்டம் ஐயா, பார்த்துவிட்டேன். கோலி டாய்லெட்டைச் சுற்றி எங்கே வைத்தாலும் அப்படியே நிற்கிறது, ஒரு மூலையிலிருந்து கதவுப்பக்கம் உருளுகிறது. தண்ணீரும் அங்கேயேதான் தேங்குகிறது. கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டதும் அவர் நேரே உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அவர்கள் பாத்ரூம் கூரையில் டாய்லெட் குழாய் இறங்குகிற இடத்தைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்குப் பெயிண்ட் தோல் உரிந்து, வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உப்பு நிற்கிறது, தொட்டால் விரலில் ஈரம். மழையில்தான் அப்படி என்று நினைத்து எங்களிடம் சொல்லவில்லையாம். மழை ஓய்ந்து எவ்வளவு நாளாகிறது!

இதற்கு மேல் ஷீட் வினைல் போட்டு நாலு பக்கமும் சீல் செய்துவிட்டால் கசிவும் நின்றுவிடும் இல்லையா? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.


ரசமட்டம்:

மாங்காய் இரண்டும் விழாது அம்மா.

மாடி பாத்ரூமில் ஸ்லாபை ஒரு அடி, முக்கால் அடி பள்ளமாக இறக்கி வார்த்து, அதற்குள் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லியும் சிமெண்ட்டும் போட்டு நிரப்பி, அதன் மேல் டைல்ஸ் பதிப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் நீர் புகாத பொருள் இல்லை, அதிலும் நாம் கறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவி அதை அரித்துவிடுகிறோம். வருஷக்கணக்கில் இறங்கின தண்ணீர் அந்தச் செங்கல் நிரப்பலில் தங்கி நிற்கும். உங்கள் கீழ்வீட்டுக் கூரையில் தெரிவது அதில் நிரம்பி வழிவது. குழாய் இறங்குகிற இடத்தைச் சுற்றித் தெரிகிறது என்பதால் டாய்லெட் டிராப்பின் இணைப்பே விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் கசிவது குளித்த தண்ணீர் கூட இல்லை. மேலே தங்கத் தகடே போட்டாலும் டிராப் கசிவு நிற்காது, ஏனென்றால் அது தரைக்குக் கீழே நடக்கிறது. மேலே மூடிவிட்டால் காய்வதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டு, முழுக்கக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ஸ்லாபில் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பினால் கான்கிரீட் சில்லு சில்லாகப் பெயர்ந்து கீழே விழும், அப்புறம் இது பாத்ரூம் வேலையாக இருக்காது.

உடைத்தே ஆக வேண்டும். உங்கள் மேஸ்திரி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், காரணம் சொல்லாமல் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.


முதுநகர் மீன்குழம்பு:

எங்கள் அப்பாவுக்கும் இதே மூட்டு ஆபரேஷன், கடலூர் முதுநகரில் இருக்கிறோம். தரையைப் பற்றி மேலே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வழுக்குவதைப் பற்றிச் சொல்கிறேன்.

வினைலோ டைல்ஸோ, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எந்தத் தரையும் வழுக்கும். அப்பா நல்லெண்ணெயை விட மாட்டார். அதனால் அவர் குளித்து முடித்ததும் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவி ஒரு தேய் தேய்த்துச் சுடுதண்ணீர் விடுவது என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டிருக்கிறோம். மஞ்சள் கேட்டிருந்தீர்கள், வெளிர் நிற வினைலில் மஞ்சள் ஏறினால் லேசில் போகாது. வெயில் பட்டால் வெளிறும், பாத்ரூமுக்குள் வெயில் எங்கே?

டைல்ஸ் வாங்கும்போது பெட்டியிலோ கடைக்காரரின் விவரப் புத்தகத்திலோ ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். பாத்ரூமுக்கு ஆர் 10, ஆர் 11 போதும். பிடிப்பு வேண்டும் என்று ரொம்பச் சொரசொரப்பாக எடுத்தால் நம்ம போர் தண்ணீர் உப்பும் சோப்பும் அதில் அடைந்து தேய்க்கவே ஒரு ஆள் வைக்க வேண்டும், அடைந்த அழுக்கே அப்புறம் வழுக்கும். இரண்டடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸ் வேண்டாம், ஒரு அடிச் சதுரம் எடுங்கள். வாட்டமும் ஒழுங்காகக் கொடுக்க வரும், இடுக்கு நிறைய இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். மேட் ஃபினிஷ் என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், கடையிலேயே ஒரு டைலில் தண்ணீர் ஊற்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

தரையை விடப் பெரிய உதவி எங்களுக்குச் சுவரில் பிடித்த கம்பிதான். டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். எடைக்குத் தொங்கினாலும் வராதபடி செங்கல்லுக்குள் போகிற ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள், டைல்ஸில் மட்டும் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ போட்டால் ஒரு நாள் கம்பியோடு சேர்ந்து விழுவார்கள். காற்றழுத்தத்தில் ஒட்டுகிற கப் வைத்த கம்பி ஆன்லைனில் வருகிறது, அதில் துண்டு மட்டும் காயப்போடுங்கள். புது டாய்லெட் வாங்குவதாக இருந்தால் சீட்டோடு சேர்த்து 17, 18 அங்குலம் உயரம் வருகிற மாதிரி பாருங்கள், மூட்டு மாற்றினவர்கள் தாழ்வாக உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம்.


கடலூர் தரைக்காரன்:

மீன்குழம்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எப்படியும் உடைக்கப்போகிறீர்கள் என்றால், ஏழடியில் டாய்லெட் இருக்கிற நாலடியையும் குளிக்கிற மூன்றடியையும் பிரித்துவிடுங்கள். சுவர் எழுப்ப வேண்டாம், வாக்கருக்கு இடம் வேண்டும். குளிக்கிற பக்கம் தனி டிராப், அதை நோக்கித் தனி வாட்டம், நடுவில் ஒரு திரை. படி, கட்டை எதுவும் வைக்க வேண்டாம். டாய்லெட் பக்கம் எப்போதும் காய்ந்தே இருந்தால் பாதி வழுக்கல் அதிலேயே போய்விடும்.


மாடிவீட்டுக்காரி, லாஸ்பேட்டை:

சரி, உடைக்கிறது என்று முடிவாகிவிட்டது. கீழ்வீட்டு அக்கா காலையிலும் மாலையிலும் அவர்கள் பாத்ரூமைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார், அம்மாவால்தான் படி இறங்க முடியாது. எவ்வளவு நாளில் முடிக்கலாம், எதையெல்லாம் அவசரப்படுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். மேஸ்திரி ஐந்து நாள் என்கிறார்.


ரசமட்டம்:

ஐந்து நாளில் டைல்ஸ் ஒட்டலாம், நீர் புகாத பாத்ரூம் கட்ட முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதுவரை கமோட் நாற்காலி, சர்ஜிக்கல் கடைகளில் வாடகைக்கே தருவார்கள், படுக்கையறையில் ஒரு ஓரத்தில் திரை கட்டி வைத்துவிடலாம்.

பழைய நிரப்பலை முழுக்க அள்ளச் சொல்லுங்கள், ஈரச் செங்கல்லை உள்ளேயே விட்டு மேலே பூசுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. குழாய் வேலை முடிந்ததும் எதையும் மூடும் முன் டிராப் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி இணைப்புகளைச் சோதித்துவிடுங்கள். ஸ்லாபும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துப் பூசி, அதன் மேல் இரண்டு பொருள் கலந்து பூசுகிற வாட்டர் ப்ரூஃபிங், இரண்டு கோட், முதல் கோட் காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்கே. சுவரில் ஒரு அடி ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. காய்ந்ததும் தண்ணீர் கட்டி ஒரு முழு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள், கீழ்வீட்டுக் கூரையைக் காலை மாலை போய்ப் பாருங்கள். சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால் குறைகிறதா என்று தெரியும். மேஸ்திரி அவசரப்படுவது இந்த இடத்தில்தான், தண்ணீர் கட்டி நிறுத்துகிற நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது அல்லவா. அந்த நாளுக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

நிரப்பல் போட்ட பிறகு டைல்ஸ் பதிக்கும் முன் இன்னொரு பூச்சு. வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடுக்குக்கு எபாக்சி கிரவுட், விலை கூடத்தான், ஆசிட்டுக்கும் உப்புக்கும் சிமெண்ட் கிரவுட்டை விட நன்றாகத் தாங்கும். டைல்ஸ் ஒட்டின மறுநாளாவது ஆகாமல் கிரவுட் போட விடாதீர்கள். அக்டோபர் மழை பிடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுங்கள், மழையில் எதுவும் காயாது.


மாடிவீட்டுக்காரி, லாஸ்பேட்டை:

ரொம்ப நன்றி ஐயா, எல்லாவற்றையும் அப்படியே மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பெரிய சைஸ் டைல்ஸ்தான் இப்போ ஃபேஷன் என்று ஒரு பதில் வந்திருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தரைக்காரன் அண்ணே, வினைல் ஆசை இன்னும் விடவில்லை, அம்மா படுக்கையறைக்குப் போடலாமா?


கடலூர் தரைக்காரன்:

அங்கே தாராளமாகப் போடுங்கள், காய்ந்த அறை, மட்டமான தரை, கிளிக் பலகையே போதும். மேல் அடுக்கு 0.3 மில்லிமீட்டர், 0.5 மில்லிமீட்டர் என்று வரும், கட்டிலும் வாக்கரும் இழுபடுகிற அறை என்பதால் 0.5 எடுங்கள். பெட்டிகளைக் கொண்டுவந்து அந்த அறையிலேயே இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டு அப்புறம் பூட்டச் சொல்லுங்கள். ரப்பர் அடி வைத்த மிதியடியை மட்டும் அதன் மேல் போடாதீர்கள், ரப்பர் ஒரே இடத்தில் கிடந்தால் வினைலில் பழுப்பாகக் கறை ஏறும், அது துடைத்தால் போகிற கறை இல்லை. வாக்கரை நிறுத்துகிற இடத்துக்கும் இது பொருந்தும், அடியில் ஒரு துணி விரித்துவிடுங்கள்.


வில்லியனூர் வாசி:

அண்ணே, இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற என் தரையையும் பிரித்துப் பார்க்கணுமா?


கடலூர் தரைக்காரன்:

வேண்டாம் தம்பி. டாய்லெட் அடியைச் சுற்றி சிலிக்கான் விட்டிருக்கிறதா என்று மட்டும் விரலால் அழுத்திப் பாருங்கள், விட்டிருந்தால் பழசை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு அடியுங்கள், பழசு மேலேயே அடிக்காதீர்கள். ஹேண்ட் ஷவர் அடித்து டாய்லெட் கழுவுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.